எலிக்கு மட்டும் ஏன் எலிக்காய்ச்சல் வருவதில்லை?

மாத்தளைமழை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமா எலிக்காய்ச்சலில் வார்டில் படுத்திருக்கிறார். வயலில் இறங்கி வேலை செய்தவர், காலில் பித்தவெடிப்பு. இரண்டு நாள் சிறுநீரே போகவில்லை. இப்போது போகிறது, பயம் தாண்டிவிட்டது என்கிறார்கள். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா நோய் வராமலிருக்கக் கொடுத்த டொக்சிசைக்கிளின் குளிசையைப் போட்டாரா என்று கேட்காதீர்கள். போடவில்லை.

என் கேள்வி வேறு. வார்டில் டொக்டர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எலி இந்தக் கிருமியைத் தன் சிறுநீரகத்தில் ஆயுள் முழுக்கச் சுமக்குமாம், அதற்கு ஒன்றும் ஆகாதாம். அதே கிருமி நமக்குள் வந்தால் சிறுநீரகம், ஈரல், சில பேருக்கு நுரையீரல் வரைக்கும் போய்விடுகிறது. 2008இல் எங்கள் மாவட்டம் பட்ட பாடு பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் நாடு முழுக்க 7,000 பேருக்கு மேல்.

எலியிடம் அப்படி என்ன இருக்கிறது? அதைக் கண்டுபிடித்து மனிதனுக்கு மருந்தாக்க முடியாதா?

பதுளைக்காரன்

இதில் என்ன அதிசயம்? எலி சாக்கடையில் பிறந்து சாக்கடையில் வளர்கிறது, உடம்பு பழகிவிட்டது. நாங்களும் லயத்து வாய்க்காலில் விளையாடி வளர்ந்தவர்கள்தான், காய்ச்சல் வந்தால் ஒரு கொத்தமல்லித் தண்ணீரோடு போய்விடும். இப்போதைய பிள்ளைகளை மணிக்கொரு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சக்தி எங்கிருந்து வரும்?

மாட்டுடொக்டர்

பதுளைக்காரன் தம்பி, பழக்கம்தான் காரணம் என்றால் ஹாம்ஸ்டருக்கு என்ன பதில்? அதுவும் எலிக்குச் சொந்தக்காரன்தான். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றினால் சில நாளில் செத்துவிடும். கினிப் பன்றியும் அப்படியே. மனிதனுக்கு வரும் கடும் நோயை ஆய்வுகூடத்தில் பார்க்க அவற்றைத்தான் பிடிப்பார்கள். பக்கத்துக் கூண்டில் அதே தீனி தின்று வளர்ந்த சுண்டெலி தப்பித்துவிடும். சாக்கடையை மூன்றில் எதுவுமே கண்டதில்லை.

மாத்தளைமழை கேட்ட கேள்விக்கு இரண்டு பாகமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, கண்டுபிடிப்பது. நம் வெண்குருதிக் கலங்களின் மேல் டோல் 4 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. சில வகைப் பற்றீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருளை அது கண்டவுடனே உடம்பு முழுக்கத் தகவல் போகும். லெப்டோஸ்பைராவின் சுவரிலும் அதே வகைப் பொருள் உண்டு, ஆனால் அமைப்பு கொஞ்சம் வேறு. சுண்டெலியின் டோல் 4 அதையும் கண்டுபிடித்துவிடுகிறது. மனிதனுடையது கண்டுகொள்வதே இல்லை. பாரிசில் பாஸ்டர் நிறுவனத்து ஆட்கள் 2000களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார்கள். டோல் 4 பழுதான சுண்டெலிக் குட்டிகளுக்கு இந்தக் கிருமியை ஏற்றினால் அவையும் சாகின்றன. ஆக, சுண்டெலி குருதியில் இருக்கும் கிருமியை ஆரம்பத்திலேயே துடைத்துவிடுகிறது. நமக்குத் தெரியவரும்போது கிருமி உறுப்புகளுக்குள் போய்க் குடியேறி முடிந்திருக்கும்.

இரண்டாவது, தாங்குவது. குருதியைத் துடைத்தாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்ட கிருமி அப்படியே இருக்கிறது. எலி அதோடு சண்டைக்குப் போவதில்லை. போனால் தன் சிறுநீரகமும் சேர்ந்து நாசமாகும். அதனால் விட்டுவிடுகிறது, கிருமி மாதக்கணக்கில் மூத்திரத்தோடு வெளியே வந்துகொண்டிருக்கிறது. கிருமியைக் கொல்வது எதிர்ப்பு, கிருமி இருந்தும் உடம்பு கெடாமல் பார்ப்பது தாங்குதல். இரண்டும் வேறு வேறு வேலை. மனித மருத்துவம் இன்று வரைக்கும் முதல் வேலைக்குத்தான் மருந்து தேடியிருக்கிறது.

அப்புத்தளைத்தாத்தா

டொக்டர் சொன்ன இந்த வித்தியாசத்தை முதலில் கண்டவர்கள் வைத்தியர்கள் இல்லை, பயிர் பார்த்தவர்கள். கோதுமைத் துருநோயைப் பார்த்தவர்கள், நோய் வராத பயிர் வேறு, நோய் வந்தும் விளைச்சல் குறையாத பயிர் வேறு என்று எப்போதோ பிரித்து வைத்திருந்தார்கள். விலங்குகளில் அதையே அளந்து காட்டியது 2007இல்தான், மலேரியா ஏற்றிய சுண்டெலிகளில். நம் மலைக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தபோது இங்கே இருந்த கோப்பிச் செடிக்கு எதிர்ப்பும் இல்லை, தாங்கும் சக்தியும் இல்லை. அது அழிந்துதான் தேயிலை வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார், விட்டால் பேசிக்கொண்டே இருப்பேன். நீங்கள் தொடருங்கள்.

மாத்தளைமழை

நன்றி டொக்டர். அப்படியானால் வழி சுலபமாகத் தெரிகிறதே. சுண்டெலியின் டோல் 4 மாதிரி ஒன்றை மனிதனுக்கும் கொடுத்துவிட்டால்? அல்லது நம்முடையதைக் கொஞ்சம் கூர்மையாக்கினால்?

ஸ்லைடும்லென்ஸும்

கண்டி வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. அந்த யோசனையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நடுங்குகிறது.

நம் டோல் 4 மழுங்கியதில்லை. சாதாரண குடல் பற்றீரியாவின் சுவர்ப்பொருள் சுண்டெலியின் உடம்பில் ஏறினால் அது பெரிய அளவைக்கூடத் தாங்கும். மனிதனுக்கு அதில் மிகச் சிறு துளி போதும், குளிர் நடுக்கம், காய்ச்சல், இரத்த அழுத்தம் இறக்கம். குருதியில் கிருமி பரவி ஐ.சீ.யு. போகிறவர்களில் நிறையப் பேரைக் கொல்வது கிருமி மட்டும் இல்லை, கிருமிக்கு உடம்பு காட்டும் கோபமும்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதேதான்.

சரி, கூர்மையாக்குவது ஆபத்து என்றால் அடைத்துவிடலாமே என்று ஒரு மருந்துக் கம்பனி யோசித்தது. எரிடோரான் என்று டோல் 4ஐ அடைக்கும் மருந்து. விலங்குகளில் நன்றாகவே வேலை செய்தது. கடும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. சாவு குறையவில்லை. அலாரம் அடித்து முடிந்து, வீடும் பாதி எரிந்த பிறகு அலாரத்தை நிறுத்தி என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006இல் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு டீ கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களைத் தட்டியெழுப்பும் ஒரு பிறபொருளெதிரி (அன்டிபொடி) மருந்தை முதன்முறையாக ஏற்றினார்கள். குரங்குகளுக்கு அதைப்போல 500 மடங்கு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் தைரியம். சில மணி நேரத்தில் ஆறு பேரும் ஐ.சீ.யு.வில். உயிர் தப்பினார்கள், அது பெரிய விடயம். அந்த மருந்து போய் ஒட்டும் இடம், குரங்கின் சில கலங்களில் இல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. விலங்கிடம் படிக்கலாம். ஆனால் விலங்குக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று ஊசியைத் தூக்கக் கூடாது.

வௌவால்மரம்

பேராதனையில் விலங்கியல் படிக்கிறேன். "கோபம்" என்று அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் கோபத்தை அடக்குவதில் வௌவாலை விடப் பெரிய ஆள் இல்லை.

பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். உயர்ந்த மரங்களில் பழவௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். பகலில் தூங்கும் என்று பெயர்தான், ஒரே சண்டை, ஒரே இரைச்சல், கீழே நின்றால் தலைக்குக் குடை வேண்டும். இந்தப் பழவௌவால் கூட்டத்தார்தான் நிப்பா, ஹெண்ட்ரா போன்ற வைரசுகளைச் சுமப்பவர்கள். அந்த வைரசு உடம்பில் இருக்கும்போதும் பறக்கும், பழம் தின்னும், குட்டி போடும்.

பறப்பதுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். பறக்கும்போது எரியும் சக்தி பயங்கரம். அந்த வேகத்தில் கலங்கள் சேதப்படும், உடைந்த டீ.என்.ஏ. துண்டுகள் கலத்துக்குள் சிந்தும். நம் உடம்பாக இருந்தால் அதை வைரசு என்று நினைத்து அழற்சியைக் கிளப்பிவிடும். வௌவால் தினமும் இரவு அப்படிச் செய்தால் உயிரோடு இருக்க முடியாது. அதனால் அது அலாரத்தின் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. அந்த அலாரத்தை அடிக்கும் ஸ்டிங் என்ற புரதத்தில் நம் எல்லாருக்கும் இருக்கும் ஓர் அமினோ அமிலம் வௌவால்களில் மாறியிருப்பதை 2018இல் காட்டினார்கள். அடுத்த வருடம் சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழு, அழற்சியைத் தூண்டும் என்.எல்.ஆர்.பி.3 என்ற இன்னொரு புரதமும் வௌவாலில் அடங்கியே வேலை செய்கிறது என்று காட்டியது.

ஆனால் சத்தத்தை மட்டும் குறைத்தால் வைரசு தின்றுவிடுமே? அங்கேதான் சாமர்த்தியம். ஆஸ்திரேலியாவின் கறுப்புப் பழவௌவாலில், வைரசு வருவதற்கு முன்பே, வைரசைத் தடுக்கும் இன்டர்பெரோன் என்ற புரதம் எப்போதும் கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கிறது. காவல் எப்போதும் உண்டு, கலவரம் இல்லை. (எல்லா வௌவாலும் அப்படி இல்லை. ஓர் இனத்தில் பார்த்ததை 1,400க்கு மேற்பட்ட இனங்களுக்கும் ஏற்றிச் சொல்ல முடியாது.)

ஆயுளையும் பாருங்கள். சைபீரியாவில் அடையாளமிட்டு விட்ட ஒரு சின்ன வௌவால், ஆறேழு கிராம்தான் எடை, 41 வருடம் கழித்துப் பிடிபட்டது. அந்த எடையுள்ள சுண்டெலி இரண்டு மூன்று வருடம் இருந்தால் பெரிய காரியம்.

பதுளைக்காரன்

அப்படிச் சொல்லுங்கள். இதற்காகத்தான் எங்கள் தோட்டத்தில் தொய்வு உள்ளவர்களுக்கு வௌவால் கறி கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது, ஆனால் விடயம் தெரிந்திருக்கிறது.

மாட்டுடொக்டர்

தயவுசெய்து வேண்டாம் தம்பி. வௌவாலின் அடக்கம் அதன் மரபணுவில் இருக்கிறது. சட்டியில் வெந்து வயிற்றில் செரித்த பிறகு அது வெறும் இறைச்சி, கோழிக் கறியை விட ஒரு நன்மையும் கூடுதலாகக் கிடையாது. பிடிக்கும்போது கடிக்கும், உரிக்கும்போது குருதி கையில் படும், ஆபத்து அங்கேதான்.

வௌவால் எல்லாவற்றையும் தாங்கும் என்றும் நினைக்காதீர்கள். பேராதனைக்குப் பக்கத்தில்தான் கன்னொறுவை. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வைரசு இருக்கிறது, கன்னொறுவை வௌவால் லைசா வைரசு. 2015இல் நம் நாட்டுப் பழவௌவால்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தது, விலங்கு விசர் நோய் வைரசுக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் குடும்பத்து வைரசு வௌவாலையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். அப்புறம் அமெரிக்காவில் 2006 முதல் குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்கள் மூக்கில் வெள்ளைப் பங்கசு பிடித்து இலட்சக்கணக்கில் செத்தன. எந்த எதிரிக்கு எதிராகப் பல தலைமுறை பழகியதோ அதற்கு மட்டும்தான் அந்த வித்தை செல்லும்.

வௌவாலை வெட்டவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். பங்களாதேசில் ஈச்ச மரத்துச் சாறு இறக்கும் குடத்தில் வௌவால் வாய் வைத்து நிப்பா பரவியது. மூங்கில் தட்டி கட்டிக் குடத்தை மறைத்துப் பார்த்தார்கள், வௌவாலால் சாறில் வாய் வைக்க முடியவில்லை. அவ்வளவுதான் தேவை.

மாத்தளைமழை

வௌவாலிடமிருந்து மனித வைத்தியத்துக்கு இதுவரை ஏதாவது உண்மையாக வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் "எதிர்காலத்தில்" என்ற கதைதானா?

ஸ்லைடும்லென்ஸும்

வௌவாலைப் பார்த்துச் செய்த மருந்து என்று இன்று பார்மசியில் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தத்துவம் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி கொரோனாக் காலத்திலேயே கிடைத்தது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட், அறுபது வருடத்துக்கு மேற்பட்ட பழைய மருந்து, விலை சல்லி. சுவாச இயந்திரத்தில் இருந்த நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அந்த மருந்து வைரசைத் தொடக்கூட இல்லை, உடம்பின் கோபத்தைத்தான் அடக்கியது. ஒட்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் நன்மை ஒன்றும் இல்லை. எப்போது அடக்குவது என்பதுதான் வித்தை, வௌவாலுக்கு அது பிறப்பிலேயே வந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் டெங்குக் காய்ச்சலுக்கு வீட்டிலேயே ஸ்டெரொயிட் போட்டுவிடாதீர்கள். டெங்குவிலும் குருதிநீர் கசிவதற்கு உடம்பின் எதிர்வினைதான் பெரிய காரணம், ஆனாலும் அங்கே ஸ்டெரொயிட் உதவுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கணக்குப் பார்த்து நீர் கொடுப்பதுதான் வைத்தியம்.

கொழுந்துக்கூடை

நீங்கள் எல்லாரும் வெளிநாட்டு ஆராய்ச்சி பேசுகிறீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம், கொழுந்து எடுத்துக்கொண்டே மூன்று மாடும் வைத்திருக்கிறேன். டொக்டரிடம் ஒரு கேள்வி. கன்று போட்டதும் வரும் சீம்பாலைக் கறந்து வட்டிலப்பம் மாதிரி அவித்து அக்கம்பக்கம் கொடுப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்கு நோய் வராது என்பார்கள். மகள் அதெல்லாம் பொய் என்கிறாள். யார் சொல்வது சரி?

மாட்டுடொக்டர்

தங்கச்சி, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

மனிதப் பிள்ளை பிறக்கும்போதே தாயின் பிறபொருளெதிரிகளைக் கொண்டு வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நச்சுக்கொடி வழியாகத் தாய் கொடுத்துவிடுவாள். பசுவுக்கு அந்த வழியே கிடையாது. கன்று பிறந்து தரையில் விழும் நிமிடத்தில் அதன் குருதியில் தாயின் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. மடியைப் பிழிந்தால் மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற மாதிரித் தடிப்பாக வருகிறதே, அந்தத் தடிப்பில் பெரும்பங்கு புரதம், அதிலும் பெரும்பங்கு பிறபொருளெதிரி. கன்றின் குடல் அதைச் செரிக்காமல் அப்படியே குருதிக்குள் விடும். அந்தக் கதவு பிறந்ததிலிருந்து மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைத்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லீற்றர் கொடுத்தாலும் வயிற்றுக்குத்தான் போகும்.

அதனால் கணக்கு இது: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்று என்றால் 3 லீற்றர். முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே போக வேண்டும். எழுந்து நிற்க முடியாத கன்றைத் தாயிடம் தள்ளிவிட்டுக் குடித்திருக்கும் என்று நம்பக் கூடாது. போத்தலில் ரப்பர் முலை மாட்டி, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அது சப்பும் வேகத்துக்குக் கொடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மிச்சம் இருந்தால் தாராளமாக அவியுங்கள், நானும் சாப்பிட வருகிறேன். கன்றுக்குக் கொடுக்காமல் ஊருக்கு அவித்துவிட்டு இரண்டாம் கிழமை கழிச்சல் என்று போன் எடுப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

பிள்ளைகளுக்கு நோய் வராது என்பது சரியில்லை, மகள் சொல்வதுதான் சரி. அவித்தால் புரதம் கெட்டுவிடும், அவிக்காவிட்டாலும் நம் குடல் குருதிக்குள் விடாது. ஆனால் குடலுக்குள்ளேயே வேலை செய்ய வைக்கலாம். ஆஸ்திரேலியாவில் பசுவுக்கு ஈ கோலை தடுப்பூசி போட்டு, அதன் சீம்பாலைக் குளிசையாக்கி, பயணிகளின் வயிற்றோட்டத்தைத் தடுக்க விற்கிறார்கள்.

இன்னொரு விடயம், மாட்டு வைத்தியர்கள் பல காலமாகச் செய்வது. சினைப் பசுவுக்குக் கடைசி மாதங்களில் ஊசி போட்டால் பாதுகாப்பு சீம்பாலில் வந்து கன்றைச் சேரும். மனிதரில் கர்ப்பிணிக்கு ஏற்பு ஊசி போடுவதும் அதே யோசனைதான், நச்சுக்கொடி வழியாக. சிசுக்களின் நெஞ்சுச்சளிக்குக் காரணமான ஆர்.எஸ்.வி. வைரசுக்குத் தாய்க்குப் போடும் ஊசி 2023இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கொழுந்துக்கூடை

போத்தல் விடயம் இன்றுதான் ஒழுங்காக விளங்கியது. அடுத்த மாதம் சிவப்பி கன்று போடும். மகளிடம் இதைக் காட்ட மாட்டேன், தலையில் ஏறிவிடுவாள்.

பார்மசிப்பையன்

ஹட்டனில் பார்மசி. தவளையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

1987இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸஸ்லொஃப் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். ஆப்பிரிக்க நகத்தவளைகளை அறுத்துத் தைத்து, சுத்தமில்லாத தொட்டித் தண்ணீரிலேயே விட்டாலும் காயம் சீழ் பிடிக்கவில்லை. தோலில் தேடினார், பற்றீரியாவின் சவ்வில் ஓட்டை போடும் சிறு புரதத் துண்டுகள் கிடைத்தன. மகைனின் என்று பெயர். அதைத் திருத்தி நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணுக்குக் களிம்பாகச் செய்தார்கள். புண் ஆறத்தான் செய்தது, ஆனால் ஏற்கெனவே இருந்த அன்டிபயோடிக் குளிசையை விட நன்றாக ஆறவில்லை. 1999இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்துவிட்டது.

இந்தப் புரதத் துண்டுகளின் தலையெழுத்தே அதுதான். கண்ணாடிக் குழாயில் கில்லாடி. உடம்புக்குள் போனால் நம் நொதியங்கள் வெட்டிப் போடும், அளவைக் கூட்டினால் நம் கலத்தையும் ஓட்டை போடும், செய்ய விலையும் அதிகம். 2017இல் கேரளத்துத் தவளை ஒன்றின் தோலில் இன்புளுவென்சாவின் எச்1 வகை வைரசை உடைக்கும் துண்டு கிடைத்தது. உருமி என்ற சுருள்வாளின் பெயரில் உருமின் என்று வைத்தார்கள். நம் செங்குருதிக் கலத்துக்குக் கெடுதல் செய்யாதது அதன் சிறப்பு, ஆனால் எச்3 வகையிடம் அதன் வாள் வெட்டவில்லை. மருந்தாக இன்னும் வரவில்லை.

நம் நக்கிள்ஸிலும் ஹோட்டன் சமவெளியிலும் உலகில் வேறெங்கும் இல்லாத புதர்த்தவளைகள் இருக்கின்றன. சில இனங்கள் அழிந்தே போய்விட்டன, அவற்றின் தோலில் என்ன இருந்தது என்று இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்காகத் தவளையைப் பிடித்துப் புண்ணில் தேய்க்க வேண்டாம், பதுளைக்காரன் அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன்.

பதுளைக்காரன்

சரி சரி, எல்லாரும் என்னையே பிடியுங்கள். ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் கோழியும் தாராவும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. நோய் வந்தால் கோழி மட்டும் வரிசையாகச் சாகிறது. தாரா தலையை ஆட்டிக்கொண்டு போகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாட்டுடொக்டர்

நல்ல கேள்வி. உங்கள் கோழியைக் கொல்வது அநேகமாக வெள்ளைக்கழிச்சல், அது வேறு வைரசு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, போடுங்கள். ஆனால் பறவைக் காய்ச்சலில் இந்த வித்தியாசத்துக்குக் காரணமே கண்டுபிடித்திருக்கிறார்கள். கலத்துக்குள் வைரசைக் கண்டுபிடிக்கும் ரிக் 1 என்ற ஒரு மரபணு தாராவுக்கு உண்டு, கோழி அதைப் பரிணாமத்தில் தொலைத்துவிட்டது. 2010இல் கனடாவில் கோழிக் கலத்துக்குள் தாராவின் ரிக் 1ஐப் போட்டுப் பார்த்தார்கள், வைரசு பெருகுவது குறைந்தது.

2023இல் பிரித்தானியாவில் வேறு வழியில் போனார்கள். வைரசு பெருகத் தேவையான கோழியின் ஒரு புரதத்தை மரபணு திருத்தத்தால் மாற்றினார்கள். சாதாரண அளவு வைரசு கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிக்குத் தொற்றவே இல்லை. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பாதிக்குத் தொற்றியது, வைரசும் மாறிக்கொண்டது. ஒரு பூட்டை மட்டும் மாற்றினால் வைரசு சாவி செய்துகொள்ளும் என்று அவர்களே எழுதினார்கள்.

அப்புத்தளைத்தாத்தா

கோழி நமக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னும் பெரியது. பிறபொருளெதிரி செய்யும் கலத்துக்கு "பீ" என்று பெயர் வந்ததே கோழியின் பின்புறத்தில் இருக்கும் பர்சா என்ற சிறு பையால்தான். 1950களில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பையை வெட்டி எடுத்த கோழிகளுக்குப் பிறபொருளெதிரி வரவில்லை என்று கவனித்தார். டொக்டர் முன்பு சொன்ன டோல் குடும்பம்கூட நோய் எதிர்ப்பில் முதலில் தெரியவந்தது பழ ஈயில், 1996இல். அந்த ஈயும் அதற்கு அடுத்து சுண்டெலியும் சேர்ந்து 2011இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தன.

பார்மசிப்பையன்

எறும்பை விட்டுவிட்டீர்கள் ஐயா. ஆப்பிரிக்காவில் கறையான் வேட்டைக்குப் போகும் எறும்பு காயப்பட்ட தோழனைத் தூக்கி வந்து, காயத்தில் கிருமி இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து, இருந்தால் தன் உடம்பின் பக்கவாட்டுச் சுரப்பியின் மருந்தைப் பூசுகிறது. எங்கள் கடைக்கு வந்து தடிமனுக்கு அன்டிபயோடிக் கேட்பவர்களை அந்த எறும்பிடம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

கொழுந்துக்கூடை

கடைசியாக ஒன்று. நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி இருக்கிறது என்று மிருக வைத்தியர் ஒருவர் சொன்னார். நாய்க்கு இருக்கும்போது, சேற்றில் நிற்கும் எங்களுக்கு ஏன் இல்லை?

மாட்டுடொக்டர்

இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை. கியூபாவில் பெரிய அளவில் போட்டார்கள். பிரான்சில் சாக்கடைத் தொழிலாளர்களுக்குப் போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், நோய் தரும் லெப்டோஸ்பைராவில் 250க்கு மேற்பட்ட வகைகள். கொன்ற கிருமியில் செய்யும் ஊசி, அதில் சேர்த்த வகைகளுக்கு மட்டும்தான் பெரும்பாலும் பாதுகாப்பு. நாய்க்கு இரண்டு அல்லது நான்கு வகை சேர்த்து வருகிறது, அதையும் வருடா வருடம் போட வேண்டும். நம் நாட்டில் மனிதருக்கு வரும் வகைகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

பல வகைகளுக்குப் பொதுவான ஒரு புரதத்தை எடுத்து ஊசி செய்யும் முயற்சி நடக்கிறது. லிக்ஏ என்ற புரதத்தை ஹாம்ஸ்டருக்குப் போட்டார்கள். பிறகு கிருமியை ஏற்றினால் ஹாம்ஸ்டர் சாகவில்லை. ஆனால் வெட்டிப் பார்த்தால் சிறுநீரகத்தில் கிருமி இருந்தது.

பதுளைக்காரன்

அப்படியென்றால் ஹாம்ஸ்டரை எலியாக்கிவிட்டார்கள்!

மாட்டுடொக்டர்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. போட்டவருக்கு உயிர் தப்பும், ஆனால் அவர் மூத்திரத்தில் கிருமி போகுமா என்று பார்க்காமல் ஊருக்கெல்லாம் போட முடியாது. 2021இல் வேறொரு வழி வந்தது. நீந்தும் திறனை இழந்த உயிருள்ள லெப்டோஸ்பைராவை ஊசியாக ஏற்றினார்கள். ஹாம்ஸ்டரிலும் சுண்டெலியிலும் வெவ்வேறு வகைகளுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைத்தது. மனிதருக்கு இன்னும் வரவில்லை. தங்கச்சி, சிவப்பிக்கு வலி எடுத்தால் எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள். போத்தலையும் ரப்பர் முலையையும் இப்போதே வாங்கிச் சுடுதண்ணீரில் கழுவி வையுங்கள்.